கணைய அழற்சி: சிடி ஸ்கேன் எப்போது, எப்படி, ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? கூட இருப்பவர்களுக்கான வழிகாட்டி

மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகு வரை பாய்கிறது, வாந்தி நிற்கவில்லை என்று வீட்டில் ஒருவரைச் சேர்த்திருப்பீர்கள். 'அக்யூட் பான்கிரியாடைட்டிஸ்' என்று சொல்லியிருப்பார்கள். அதாவது கணையம் திடீரென வீங்கிப் புண்ணாகியிருக்கிறது. உடனே நீங்கள் கேட்கப்போகும் கேள்வி: "சிடி எடுத்தால் தெரிந்துவிடுமா, பிழைப்பாரா?"

என் மச்சானுக்கு இது வந்து, ஐசியுவிலும் வார்டிலுமாகப் பல வாரங்கள் ஓடின. நான் மருத்துவன் இல்லை. ஆனால் எந்த ஸ்கேனை எந்த நாளில் எடுத்தால் அது எதைச் சொல்லும் என்பது முதல் நாளே தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் பாதிப் பதற்றமும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். அதற்காகவே எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகள் மருத்துவருடையவை. சரியான கேள்வியைச் சரியான நாளில் கேட்க இது உதவும்.

1. வலி தொடங்கிய மணியை எழுதி வையுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் தேதி, மணி இரண்டையும் எழுதி மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: 'வலி ஆரம்பம், வியாழன் இரவு 11 மணி' என்பதுபோல.

இந்த நோயில் ஸ்கேனுக்கான கணக்கு எல்லாம் வலி தொடங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறது. 48 மணி நேரம், 72 மணி நேரம், நான்கு வாரம் என்று மருத்துவர்கள் பேசுவது அதைத்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் முதலில் கண்ணில் படுவது அட்மிஷன் தேதி. ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அங்கே மறுபடி 'முதல் நாள்' என்று ஆரம்பிக்கும். டியூட்டி டாக்டர் மாறும்போதெல்லாம் நீங்கள் இந்த மணியைச் சொல்லுங்கள்.

கூடவே எழுத வேண்டியவை: சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தும், சர்க்கரை உண்டா, பித்தப்பைக் கல் என்று முன்பு யாராவது சொன்னார்களா, மது அருந்துவாரா, கடைசியாக எப்போது, எவ்வளவு. மது விஷயத்தை மறைக்காதீர்கள். காப்பீட்டுக்காக மறைக்கச் சொல்லிப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அறிவுரை தருவார்கள். ஆனால் குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் நடுக்கமும் குழப்பமும் ஐசியுவில் வேறு நோயாகத் தவறிப் புரிந்துகொள்ளப்படும். அது உயிர் விஷயம்.

2. முதல் நாள்: அல்ட்ராசவுண்ட் போதும், பெரும்பாலும்

நோயை உறுதிசெய்ய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். ஒன்று, இந்த நோய்க்கே உரிய வயிற்று வலி. இரண்டு, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் என்ற கணைய நொதி இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல். மூன்று, ஸ்கேனில் தெரியும் மாற்றம். முதல் இரண்டும் இருக்கிறதென்றால் நோயைக் கண்டுபிடிக்க சிடி தேவைப்படாது.

முதல் நாளில் கட்டாயம் வேண்டியது வயிற்று அல்ட்ராசவுண்ட். அது தேடுவது பித்தப்பைக் கல்லை, பித்தக் குழாய் விரிந்திருக்கிறதா என்பதை. 'கணையம் குடல் வாயுவால் மறைக்கப்பட்டுள்ளது' என்று ரிப்போர்ட்டில் வந்தால் கலங்காதீர்கள். இந்த நோயில் குடல் அசைவு குறைந்து வாயு நிறைவதால் அப்படித்தான் பெரும்பாலும் வரும். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் காப்பீட்டுக்கு அதுவே முக்கிய ஆவணமாகும்.

முதல் நாளிலேயே சிடி எடுக்க நியாயமான காரணங்களும் உண்டு. நோய் இதுதானா என்ற சந்தேகம், குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ, குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்ற ஐயம், சிகிச்சைக்கு நடுவே வேகமாகச் சரிவது. இவற்றில் ஒன்று இருந்தால் தாமதிக்கக் கூடாது. "எதற்காக இன்றே எடுக்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். காரணம் இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதல் நாள் சிடியில் 'கணையம் வீங்கியுள்ளது, திசு அழிவு இல்லை' என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். திசு அழிவு படத்தில் தெளிவாகத் தெரிய நாட்கள் ஆகும். முதல் நாள் படத்தில் அது குறைவாகவோ தெரியாமலோ போகலாம். ஐந்தாம் நாள் அதே ஆளுக்குப் பாதிக் கணையம் அழிந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தால், 'இங்கே கெடுத்துவிட்டார்கள்' என்று சண்டை தொடங்குகிறது. இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகவே இருந்திருக்கலாம்.

3. முதல் 48 மணி நேரம்: படத்தை விட்டுவிட்டு உடலைக் கேளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு 2012-இல் வந்தது. அதன்படி நோய் 'தீவிரமானது' என்பதை முடிவுசெய்வது ஸ்கேன் அல்ல, உறுப்புச் செயலிழப்பு. நுரையீரல், இதய ரத்த ஓட்டம், சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஒன்றாவது 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்திருந்தால் அது தீவிர நிலை. 48 மணி நேரத்துக்குள் மீண்டுவிட்டாலோ, உறுப்பு கெடாமல் வயிற்றுக்குள் நீர்த்தேக்கம், திசு அழிவு போன்ற சிக்கல் மட்டும் இருந்தாலோ அது மிதமான தீவிரம். இரண்டும் இல்லையென்றால் லேசானது. பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசிப் பிரிவில் இருந்து ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புகிறார்கள்.

அதனால் முதல் இரண்டு நாள் ரவுண்ட்ஸில் கேட்க வேண்டியவை இவை:

- ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது? நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?
- சிறுநீர் எவ்வளவு போகிறது? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் எந்தப் பக்கம் நகர்கிறது?
- ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடுகிறதா?
- நாடித் துடிப்பு 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், காய்ச்சல், வெள்ளையணு 12,000-க்கு மேல்: இவற்றில் குறைந்தது இரண்டு இன்னும் நீடிக்கிறதா?

மருத்துவர்கள் 'பைசாப்' என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று: ரத்த யூரியா நைட்ரஜன் 25-க்கு மேல், மனக் குழப்பம், மேலே கடைசியாகச் சொன்ன அறிகுறிகளில் குறைந்தது இரண்டு, வயது 60-க்கு மேல், நெஞ்சுக் கூட்டில் நீர். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து கூடுகிறது. இதில் நம் ஊர் லேப்களால் வரும் ஒரு குழப்பம் உண்டு. பல லேப்கள் தருவது 'பிளட் யூரியா'. 'யூரியா நைட்ரஜன்' வேறு. நைட்ரஜன் 25 என்பது யூரியா கணக்கில் ஏறக்குறைய 53. யூரியா 40 என்று பார்த்துவிட்டு நீங்களாகவே ஒரு மதிப்பெண் கூட்டிக்கொண்டு அழாதீர்கள்.

அட்மிஷன் அன்று எடுக்கும் சிடி இந்த எளிய மதிப்பெண்களைவிட நன்றாக முன்கூட்டிச் சொல்வதில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே 'ஏன் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை' என்று முதல் நாள் இரவே நர்சிங் ஸ்டேஷனில் நின்று சத்தம் போடுவதில் நோயாளிக்குப் பலன் இல்லை.

4. ஸ்கேன் நாள்: 72 மணி நேரத்துக்குப் பிறகு

சர்வதேச வழிகாட்டுதல்கள் முதல் சிடிக்குச் சொல்லும் நேரம், வலி தொடங்கி 72 முதல் 96 மணி நேரம் கழித்து. லேசான நோயில் தேறிவருபவருக்கு அதுவும் வேண்டியிருக்காது. தேறாதவருக்கு, மோசமாகிறவருக்குத்தான் இந்த ஸ்கேன்.

எடுக்க வேண்டியது கான்ட்ராஸ்ட் சிடி. நரம்பில் அயோடின் கலந்த மருந்து ஏற்றி எடுப்பது. ரத்தம் ஓடும் திசு அந்த மருந்தை வாங்கிப் படத்தில் பிரகாசிக்கும், செத்த திசு மங்கலாகவே கிடக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எத்தனை சதவீதம் அழிந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். விலை குறைவு என்பதற்காக இந்த மருந்து இல்லாத 'பிளெயின்' எடுத்தால் வீக்கம், நீர்த்தேக்கம், வாயுக் குமிழி தெரியும். அழிவின் அளவு தெரியாது. பிறகு மறுபடி கான்ட்ராஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு செலவு, இரண்டு கதிர்வீச்சு.

ஸ்கேன் அறைக்குக் கிளம்பும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- அன்றைய அல்லது முந்தைய நாள் கிரியாட்டினின் ரிப்போர்ட். இது இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
- முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் ஊசியால் ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா உண்டா, தைராய்டு உண்டா என்பதை வாயால் சொல்லுங்கள், படிவத்திலும் எழுதுங்கள்.
- மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரா? சிறுநீரகம் பாதித்திருந்தால் அதை நிறுத்தி வைக்க வேண்டும். பொதுவாக 48 மணி நேரம் கழித்து, கிரியாட்டினின் பார்த்துத் தொடங்குவார்கள்.
- பெண்களுக்கு, கர்ப்பம் இருக்குமோ என்ற சந்தேகமிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.
- கையில் இருக்கும் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) நிறம். மருந்து வேகமாக ஏற்றப்படும் என்பதால் பச்சை அல்லது பிங்க் வேண்டும். நீலம் மட்டும் இருந்தால் ஸ்கேன் டேபிளில் வைத்து மறுபடி குத்துவார்கள். வார்டிலேயே மாற்றச் சொல்லிவிடுங்கள்.
- சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட ரத்த உறவோ துணைவரோ அங்கே இருக்க வேண்டும். மருந்து வாங்க ஓடியவருக்காக ஸ்கேன் நேரம் தவறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் என்ன செய்வது? எம்ஆர்ஐ ஒரு வழி. கான்ட்ராஸ்ட் இல்லாமலே பித்தக் குழாயில் கல் இருக்கிறதா என்பதை அது காட்டும், நீர்த்தேக்கத்துக்குள் கெட்டியான கழிவு கிடக்கிறதா என்பதை சிடியைவிட நன்றாகக் காட்டும். ஆனால் அரை மணி நேரம் அசையாமல், சொல்லும்போது மூச்சைப் பிடித்துப் படுக்க வேண்டும். மூச்சுத் திணறும் நோயாளிக்கு அது எளிதல்ல. பல இடங்களில் சிறுநீரகத்தையும் தேவையையும் எடைபோட்டு கான்ட்ராஸ்ட் சிடியே எடுப்பார்கள். அந்த முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.

5. ரிப்போர்ட்: எந்த எண், எந்த அளவுகோல்?

ரிப்போர்ட்டின் கடைசியில் 'சிடி சிவியாரிட்டி இண்டெக்ஸ் 6/10' என்பதுபோல ஒரு எண் இருக்கும். எல்லோரும் அதைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பார்கள்.

பால்தஸார் என்ற கதிரியக்க மருத்துவரின் குழு 1990-இல் வெளியிட்ட அளவுகோல் இது. இரண்டு பகுதி. வீக்கம், நீர்த்தேக்கத்துக்கு 0 முதல் 4 வரை. திசு அழிவுக்கு: இல்லையென்றால் 0, முப்பது சதவீதத்துக்குக் கீழ் 2, முப்பதிலிருந்து ஐம்பது 4, ஐம்பதுக்கு மேல் 6. கூட்டினால் அதிகபட்சம் 10. அந்த ஆய்வில் 0–3 வந்தவர்களில் இறப்பு 3 சதவீதம், 4–6 வந்தவர்களில் 6 சதவீதம், 7–10 வந்தவர்களில் 17 சதவீதம். சிக்கல்கள் வந்தது முறையே 8, 35, 92 சதவீதம்.

இந்த எண்களை இப்படிப் படியுங்கள்: மிக மோசமான பிரிவிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள், ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. ஆக, உயர்ந்த எண் உங்களிடம் சொல்வது 'நீண்ட நாள் ஆகும், அதற்குத் தயாராகுங்கள்' என்பதை. அது நூறு பேருக்கும் குறைவானவர்களைப் பார்த்த பழைய ஆய்வு என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைய ஐசியுவும் இன்றைய ஐசியுவும் ஒன்றல்ல.

2004-இல் இதைத் திருத்தி இன்னொரு அளவுகோல் வந்தது. 'மாடிஃபைடு' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அதுதான். அதில் முப்பது சதவீதத்துக்கு மேல் எவ்வளவு அழிந்திருந்தாலும் 4 தான். நெஞ்சில் நீர், வயிற்றில் நீர், ரத்தக் குழாய் அடைப்பு போன்றவற்றுக்குத் தனியாக 2. வருவது இரட்டைப்படை எண்கள் மட்டுமே. 0–2 லேசு, 4–6 மிதம், 8–10 தீவிரம். ஒரு ஆஸ்பத்திரியில் 6, அடுத்ததில் 8 என்று வந்தால், 'கூடிவிட்டதே' என்று பதறும் முன் இரண்டும் ஒரே அளவுகோல்தானா என்று பாருங்கள். இதைச் சொல்லித்தர எங்களுக்கு யாரும் இருக்கவில்லை.

எண்ணைவிட நான் முக்கியமாக நினைப்பது ரிப்போர்ட்டின் உடல்பகுதியில் வரும் சில விஷயங்கள். அழிந்த பகுதிக்குள் வாயுக் குமிழி என்றால் பெரும்பாலும் அங்கே கிருமி புகுந்திருக்கிறது, அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். மண்ணீரல் சிரையில் (ரத்தக் குழாயில்) ரத்தக் கட்டு என்றால் பின்னாளில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு. ரத்தக் குழாயில் புடைப்பு, அதாவது 'சூடோஅனியூரிசம்' என்று எழுதியிருந்தால் அது அவசரம். வெடித்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். அதைக் குழாய் வழியே அடைக்கும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி வசதி அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். இல்லையென்றால் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

நீர்த்தேக்கத்துக்கு நான்கு பெயர் வரும். வெறும் நீராக இருந்தால் நான்கு வாரம் வரை 'ஃப்ளூயிட் கலெக்ஷன்', அதைச் சுற்றிச் சுவர் கட்டிய பிறகு 'சூடோசிஸ்ட்'. அழிந்த திசுவும் சேர்ந்திருந்தால் நான்கு வாரம் வரை 'நெக்ரோடிக் கலெக்ஷன்', அதன் பின் 'வால்டு ஆஃப் நெக்ரோசிஸ்'. இங்கேதான் முதல் படியில் எழுதிய தேதி மறுபடி வேலைக்கு வருகிறது.

6. அடுத்த ஸ்கேன், பிறகு 'கழுவி எடுப்பது'

வாரம் ஒரு சிடி என்று வழக்கமாக எடுக்கத் தேவையில்லை. மறு ஸ்கேனுக்குக் காரணம் வேண்டும்: இறங்கிய காய்ச்சல் திரும்பியது, வலி கூடியது, ஹீமோகுளோபின் திடீரென விழுந்தது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது. ஹீமோகுளோபின் விழுந்து எடுத்தால் தமனிக் கட்டமும் (மருந்து தமனிகளில் ஓடும் நேரத்துப் படம்) சேர்த்து எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கசியும் குழாய் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

உறவினர் கூட்டத்தில் யாராவது, "அழுகினதை ஆபரேஷன் பண்ணி எடுத்துட வேண்டியதுதானே, ஏன் வச்சிருக்காங்க?" என்பார்கள். இந்த நோயில் காத்திருப்பதே சிகிச்சை. நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் குழாய் போட்டு வடித்து, தேவைப்பட்டால் மட்டும் சிறிய துளை வழியே சுத்தம் செய்தபோது, நேராக வயிற்றைத் திறந்ததைவிடப் பெரிய சிக்கல்கள் குறைந்தன. குழாய் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அதே நாட்டில் 2021-இல் வந்த அடுத்த ஆய்வு, கிருமி புகுந்த பிறகும் சுவர் கட்டும் வரை குழாயைத் தள்ளிப்போட்டுப் பார்த்தது. தள்ளிப்போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக் மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஆகவே நான்காம் வாரத்தை ஒட்டி எடுக்கும் சிடியோ எம்ஆர்ஐயோ மிக மதிப்புள்ள படம். சுவர் கட்டிவிட்டதா, உள்ளே கெட்டி எவ்வளவு, இரைப்பையை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்டோஸ்கோபி வழியா, வெளியிலிருந்து குழாயா என்று முடிவுசெய்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால், காரணமில்லாத இடைக்கால ஸ்கேன்களைத் தவிர்த்து இதற்கு வைத்திருங்கள்.

7. பணமும் காகிதமும்

தனியார் மையங்களில் வயிற்றுக் கான்ட்ராஸ்ட் சிடி பெரும்பாலும் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் இருக்கும். ஊரையும் மெஷினையும் பொறுத்து மாறும். கான்ட்ராஸ்ட் மருந்து அதில் சேர்ந்ததா, தனியா என்று முன்பே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் இதில் சிறு பங்குதான். உண்மையான செலவு ஸ்கேனில் இல்லை, ஐசியு நாட்களில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் வைத்து ஒருவரை உடனே ஓடவிடுங்கள். சேர்ந்த முதல் நாளே ஆஸ்பத்திரியின் திட்டக் கவுன்டரில் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் முன் அனுமதி இல்லாத செலவெல்லாம் உங்கள் தலையில் விழும்.

தனியார் காப்பீடு என்றால், 2024 விதிகளின்படி பணமில்லாச் சிகிச்சைக்கான முதல் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் சொல்ல வேண்டும். பெரிய பொறி மது. மதுப் பழக்கமும் அதன் விளைவுகளும் என்று ஒரு நிலையான விலக்கு பாலிசிகளில் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் ஒருவர் எழுதிய 'ஆல்கஹாலிக்' என்ற சொல்லைக் காட்டி மொத்தத்தையும் மறுப்பார்கள். உண்மையில் காரணம் பித்தப்பைக் கல் என்றால், முதல் நாள் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டைக் காட்டி, நோய்க் காரணத்தைத் தெளிவாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எப்போதாவது குடிப்பவர் என்பதும் குடியால் வந்த நோய் என்பதும் வேறு வேறு. பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் படங்கள் முழுவதும் பதிவான குறுந்தகட்டை (டிஸ்க்) அன்றே கேட்டு வாங்குங்கள். ஃபிலிமும் இரண்டு பக்க ரிப்போர்ட்டும் போதாது. மாற்றிப்போகும் இடத்தில் ஃபிலிமை மட்டும் நீட்டினால் மறுபடி ஸ்கேன் எழுதுவார்கள். குறுந்தகட்டைக் கொடுத்தால் அவர்களுடைய கதிரியக்க மருத்துவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு பிரதியை லேப்டாப்பில் ஏற்றி, ஸ்கேன் தேதியோடு 'வலி தொடங்கி எத்தனையாவது நாள்' என்பதையும் ஃபைல் பெயரில் எழுதுங்கள்.

8. வீடு திரும்பிய பின்

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று இருக்கிறதா பாருங்கள்: நோய்க்கான காரணம், கடைசி ஸ்கேனில் நீர்த்தேக்கத்தின் அளவு, அடுத்த ஸ்கேன் எப்போது, எது என்பது. இல்லையென்றால் கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள். பித்தப்பைக் கல் காரணமென்றால் பித்தப்பையை எடுக்கும் தேதி வேண்டும். லேசான நோயில் அதே அட்மிஷனிலேயே எடுத்துவிடுவது நல்லது. நீர்த்தேக்கம் இருந்தவர்களுக்கு அது வற்றும் வரை, சுமார் ஆறு வாரம் தள்ளிப்போடுவார்கள்.

திசு அழிந்தவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம். மூன்று மாதத்தில் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது, சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால் கணைய நொதி போதவில்லை என்று பொருள். அதற்கு மாத்திரை உண்டு, அதைச் சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும்.